லிட்டில் வார்ஸ்டனில் ஷூவைத் தொலைத்த கதை

இங்கிலாந்துக்குப் போய் வந்தவர்கள் லண்டன் பாலத்தைப் பற்றியும் அரண்மனைக் காவலர்களின் தொப்பியைப் பற்றியும் சொல்வார்கள். என்னிடம் அதெல்லாம் கிடையாது. நான் பார்த்தது ஒரு தேவாலயம், ஒரு தகரக் கொட்டகை, ஒரு வான்கோழிப் பண்ணை. திரும்பி வரும்போது காலில் முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். இவ்வளவுக்கும் நான் ஒரு ப்ராஜெக்ட் லீடர்.

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்தால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிப்போகும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த காலம் அது. அந்தப் பயத்தில்தான் நியூ ஜெர்சியில் என் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஐசலினில் ஒரு வீட்டின் மாடியில் நான், சுமதி, ஏழு வயது நிவேதா. கீழே வீட்டுக்கார அம்மாள் மார்ஜரி, தனியாக. எழுபத்து நான்கு வயது. குடிவந்த புதிதில் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஆன்ட்டி என்று கூப்பிட்டோம். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று முதல் மாதம் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு பழகிவிட்டார். ஓக் ட்ரீ ரோட்டில் சுமதி வாங்கிவரும் மைசூர்பாகுக்கும் பழகிவிட்டார்.

அந்த செப்டம்பரில் கம்பெனி என்னை இரண்டு வாரம் இங்கிலாந்துக்கு அனுப்புவதாகச் சொன்னது. செய்தி கேட்ட அன்று ஆன்ட்டி மாடிப்படி ஏறி வந்தார். முழங்கால் வலியால் அவர் படியேறுவதே இல்லை, எதுவானாலும் எங்களைத்தான் கீழே கூப்பிடுவார். விஷயம் பெரியது என்று புரிந்துகொண்டு சுமதி காபி போட உள்ளே போனாள்.

ஆன்ட்டி பிறந்தது இங்கிலாந்தில் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். ஊர் பெயர் லிட்டில் வார்ஸ்டன். யுத்த காலத்தில் ஊருக்குப் பக்கத்தில் அமெரிக்க விமானப்படை ஓடுதளம் போட்டது. நியூ ஜெர்சியிலிருந்து வந்த ஒரு மெக்கானிக்கை இருபது வயது மார்ஜரிக்குப் பிடித்துப்போனது. யுத்தம் முடிந்ததும் ஒருநாள் காலை யாரிடமும் சொல்லாமல் கிளம்பிக் கப்பல் ஏறிவிட்டார். அப்பா அதன்பிறகு அவர் பெயரைச் சொல்லவில்லை. தங்கை ஐரீன் ஒரு வரி எழுதவில்லை. பெற்றோர் போய்ச் சேர்ந்துவிட்டதாக ஊர்ப் பாதிரியார் எழுதியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாத ஐரீன் மட்டும் அதே வீட்டில் இருக்கிறாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஆன்ட்டி கடிதம் எழுதி, பார்சலும் அனுப்புவார். பதில் வந்ததில்லை. ஆனால் பார்சல் திரும்பி வந்ததும் இல்லை. அந்த ஒரு நம்பிக்கையில் ஐம்பத்திரண்டு வருஷம் ஓடியிருக்கிறது.

"அவகிட்ட நீ ஒண்ணே ஒண்ணு கேக்கணும்," என்றார் ஆன்ட்டி. "நான் வரட்டுமான்னு. வேற எதுவும் வேண்டாம். லெட்டர்ல கேட்டா பதில் வராது. நேர்ல வந்து நிக்கிற ஆளுக்கு ஏதாவது சொல்லித்தானே ஆகணும்?"

கூடவே பழுப்புக் காகிதம் சுற்றிய ஒரு பார்சல். கிளையண்டிடம் கெட்ட செய்தியை நல்ல செய்தி போலச் சொல்வதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. ஒரு கிழவியிடம் ஒரு கேள்வி கேட்பதா பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வாரம் கிளையண்ட் அலுவலகத்தில் கழிந்தது. வெள்ளிக்கிழமை மாலை லிட்டில் வார்ஸ்டனுக்குப் போகிற பஸ்ஸுக்காக வயல் ஓரத்தில் ஒரு கம்பத்தடியில் நின்றேன். பஸ் வந்தது. டிரைவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துப் புன்னகைத்தேன். அவரும் புன்னகைத்துவிட்டு நிறுத்தாமல் போய்விட்டார். கையை நீட்டினால்தான் நிற்குமாம். கோபிசெட்டிபாளையத்தில் ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறியவன் நான். ஐந்து வருஷம் நியூ ஜெர்சியில் கார் ஓட்டியதில் பஸ்ஸை நிறுத்தவே மறந்துபோயிருந்தேன். அடுத்த பஸ் எப்போது என்று வேலியோரம் வந்த ஒருவரைக் கேட்டேன். "செவ்வாய்க்கிழமை," என்றார். அவரே பரிதாபப்பட்டு, பீட்ரூட் ஏற்றிய டிராக்டரில் என்னைக் கொண்டுபோய் விட்டார்.

ஊர் என்றால் ஒரு தெரு. அறுபது எழுபது வீடுகள், ஒரு தபால் நிலையம், ஒரு குளம், கலப்பை என்ற பெயரில் ஒரு பப். அந்தப் பப்பின் மாடியில்தான் எனக்கு அறை. இது சின்ன வார்ஸ்டன் என்றால் பெரிய வார்ஸ்டன் எங்கே என்று நடத்துகிற அம்மாளிடம் கேட்டேன். நம் பக்கத்தில் சின்ன ஊர் இருந்தால் பக்கத்திலேயே பெரிய ஊர் இருந்தாக வேண்டும். அந்த அம்மாள் ஜன்னலுக்கு வெளியே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்த ஒரு மேட்டைக் காட்டினார். பல நூறு வருஷத்துக்கு முன்னால் கொள்ளைநோய் வந்து பெரிய வார்ஸ்டன் மொத்தமும் போய்விட்டதாம். வீடுகள் இருந்த இடம்தான் அந்த மேடு பள்ளமெல்லாம். பெரியது போய்ச் சின்னது மட்டும் மிஞ்சிய ஊர் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மறுநாள் புரட்டாசி சனிக்கிழமை. காலையில் அந்த அம்மாள் பன்றி இறைச்சி, சாசேஜ், முட்டை என்று தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார். இன்று அசைவம் சாப்பிட மாட்டேன் என்றேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இல்லை, சனிக்கிழமை என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு போய், ரொட்டியும் சீஸும் ஒரு முழு வெங்காயமும் கொண்டுவந்து வைத்தார். ஐரீன் எங்கே இருப்பார் என்று கேட்டேன். தேவாலயத்தில் பூ வைத்துக்கொண்டிருப்பார் என்றார். நீங்கள் ஏன் அவரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, சும்மா என்றேன். அறுபது வீட்டு ஊரில் இரண்டாம் நாள் ஒருவன் சொல்கிற சும்மாவை யார் நம்புவார்கள்?

தேவாலயம் கல்லால் கட்டியது, கோபுரம் கட்டை. வாசலில் கூரை போட்ட ஒரு முகமண்டபம். அங்கே பழந்துணி மூட்டைகள், பாத்திரங்கள், ஒரு பறவைக் கூண்டு, இரண்டு ஜோடி செருப்பு எல்லாம் கிடந்தன. உள்ளே எட்டிப் பார்த்தேன். பலிபீடத்தைச் சுற்றிப் பூசணி, ஆப்பிள், கோதுமைக் கதிர், கதிர்க்கட்டு மாதிரியே சுட்ட ஒரு பெரிய ரொட்டி. மறுநாள் அறுவடைத் திருநாளாம். காய்கறி படைத்த இடம், புரட்டாசி சனிக்கிழமை, பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு ஜோடி செருப்பு. வேறென்ன செய்வேன்? ஷூவைக் கழற்றி அந்தச் செருப்புகளுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போனேன். கிளையண்ட் மீட்டிங்குக்கென்று வாங்கிய புதுக் கறுப்பு ஷூ.

உள்ளே ஐரீன் இல்லை. சுவரில் யுத்தத்தில் இறந்தவர்களின் பெயர்ப் பலகை இருந்தது. இருபது பெயரில் நாலைந்து குடும்பப் பெயர்கள்தான் மாறி மாறி வந்தன. அண்ணன் தம்பிகளாகப் போயிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு வெளியே வந்தால் முகமண்டபம் துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது. மூட்டை இல்லை, கூண்டு இல்லை, என் ஷூவும் இல்லை.

தேவாலயப் பொறுப்பைப் பார்த்துக்கொள்ளும் ராய் என்ற பெரியவர் கல்லறைகளுக்கு நடுவே புல் வெட்டிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் என் சாக்ஸைப் பார்த்தார். முகமண்டபத்தில் இருந்ததெல்லாம் கூரை பழுதுபார்க்கும் நிதிக்காக ஊர் மக்கள் கொடுத்த பழைய சாமான்களாம். விற்பனை மத்தியானம் இரண்டு மணிக்கு. ஐரீன் இப்போதுதான் தள்ளுவண்டியில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனாராம். அங்கே போய் ஷூவை ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டார். சாமி இருக்கிற இடம் என்றேன். ராய் புல்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குத் தெரிஞ்சு இந்தக் கோயிலுக்காக யாரும் தொப்பியைத் தவிர வேற எதையும் கழட்டினதில்லை," என்றார்.

ஈரப் புல்லில் சாக்ஸோடு அவர் பின்னால் நடந்தேன். விற்பனை நடக்கும் ஊர்க் கூடம், பாதி உருளை மாதிரி வளைந்த ஒரு தகரக் கொட்டகை. அமெரிக்க விமானப்படை விட்டுப்போனது. வாசலில் உயரமாக, ஒல்லியாக ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். மார்ஜரி ஆன்ட்டியின் அதே மோவாய். அறிமுகம் தேவைப்படவில்லை. அவருக்குப் பின்னால் மேஜைமேல் என் ஷூ, ஒன்றரை பவுண்டு என்று சீட்டு ஒட்டியிருந்தது. அது என்னுடையது, தவறுதலாக வந்துவிட்டது என்று விளக்கினேன்.

"ரெண்டு மணிக்குத் திறப்போம்," என்றார் ஐரீன்.

கதவைச் சாத்திக்கொண்டார். கோபியில் கோயில் வாசலில் செருப்பு தொலைந்தால் பீடை விட்டது என்று சந்தோஷமாக வீடு போய்ச் சேருவோம். எடுத்தவன் அதைச் சீட்டு ஒட்டி நம்மிடமே விற்க மாட்டான். மூன்று மணி நேரம் கொட்டகைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போகிற வருகிறவர்கள் எல்லோரும் நின்று என் காலைப் பார்த்துக் காரணம் கேட்டார்கள். பன்னிரண்டு மணிக்குள் ஊர் முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. ஒரு மணிக்குமேல் வந்தவர்கள் எனக்கே கதையைச் சொன்னார்கள்.

ராய் கூட உட்கார்ந்து ஊர்க்கதை சொன்னார். அமெரிக்கர்கள் வந்தபோது அவர் பள்ளிக்கூடப் பையன். இருநூறு பேர் இருந்த ஊருக்குப் பக்கத்தில் ஒரே மாதத்தில் மூவாயிரம் வாலிபர்கள். தெருவெல்லாம் சூயிங்கம், சனிக்கிழமையானால் விமானக் கொட்டகையில் நடனம். காலையில் போகிற விமானங்களை ஊர்க் குழந்தைகள் எண்ணுவார்கள், மாலையில் திரும்பி வருவதையும் எண்ணுவார்கள். இரண்டும் ஒன்றாக வந்த நாள் குறைவு என்றார் ராய். யுத்தம் முடிந்து அவர்கள் போனபின் ஓடுதளத்தை உடைத்துச் சாலைக்கு ஜல்லியாகக் கொண்டுபோய்விட்டார்கள். மிச்சம் இருக்கிற துண்டில் கென் என்பவர் வான்கோழி வளர்க்கிறார்.

இரண்டு மணிக்குள் நாற்பது பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். அதுவரை மழையைப் பற்றி மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தவர்கள், கதவு திறந்ததும் முழங்கையை உபயோகித்தார்கள். ஓக் ட்ரீ ரோட்டுச் சேலைக்கடையின் தீபாவளித் தள்ளுபடியில் பழகிய சுமதி வந்திருந்தால் சமாளித்திருப்பாள். நான் போய்ச் சேர்ந்தபோது சிவந்த முகத்தோடு ஒரு குண்டு மனிதர் என் ஷூவைப் போட்டுக்கொண்டு நடந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் வான்கோழிக் கென். எங்கள் இருவருக்கும் ஒரே அளவு. இது என் ஷூ என்றேன். இல்லை, நான் காசு கொடுத்துவிட்டேன் என்றார். இருவரும் ஐரீனைப் பார்த்தோம்.

"வாசல்ல வெச்சது கோயிலுக்குக் கொடுத்தது," என்றார் ஐரீன். "கொடுத்தது கொடுத்ததுதான்."

கூட்டத்தில் சிலர் தலையசைத்தார்கள். ஐரீன் மேஜைக்கு அடியில் குனிந்து ஒரு ஜோடி பச்சை ரப்பர் பூட்ஸை எடுத்து என் முன்னால் வைத்தார். விலை அரை பவுண்டு.

பூட்ஸை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது இன்னொரு மேஜையைப் பார்த்தேன். பிரிக்காத பழுப்புக் காகிதப் பார்சல் ஒன்று அதன் நடுவில் இருந்தது. ஒரு பெண் அதைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அமெரிக்க மேஜை என்று ராய் காதோடு சொன்னார். ஐரீனின் அக்கா வருஷா வருஷம் அனுப்புவாராம். ராய்க்குத் தெரிந்து ஐரீன் ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. அப்படியே கொண்டுவந்து இங்கே வைத்துவிடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே ஏலம் கேட்பார்கள். பல வருஷம் ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் மார்ஜரியின் கவுனில்தான் நடனத்துக்குப் போனார்களாம். அறையில் என் பெட்டிக்குள் இன்னொரு பார்சல் இருந்தது. கேள்வி கேட்பது பெரிய காரியம்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

விற்பனை முடிந்தபின் நாற்காலிகளை மடக்கி அடுக்கினேன். ப்ராஜெக்ட் லீடர் ஆனபிறகு நான் செய்த முதல் உருப்படியான வேலை. ஐரீன் என் பூட்ஸைப் பார்த்துவிட்டு, நாளைக்கு நாலு மணிக்கு டீ குடிக்க வரலாம் என்றார். ஊரில் கேட்டேன், அது லேசில் கிடைக்கிற அழைப்பு இல்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அறுவடைத் திருநாள் ஆராதனைக்கும் போனேன். பழக்கதோஷம், பூட்ஸை முகமண்டபத்தில் கழற்றிவிட்டேன். முன்வரிசையில் கென், பளபளவென்று என் ஷூவோடு. நிலத்துக்கும் மழைக்கும் நன்றி சொல்லிப் பாடினார்கள். எனக்குப் பாட்டு தெரியாது, பூசணிக்காயைப் பார்த்துக் கும்பிட்டேன். வெளியே வந்தபோது என் பூட்ஸுக்குள் ஒரு காகிதம் செருகியிருந்தது. "விற்பனைக்கு அல்ல." முந்தின நாள் விலைச்சீட்டில் பார்த்த அதே கையெழுத்து.

நாலு மணிக்குப் பார்சலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஐரீன் வீட்டுக்குப் போனேன். தாழ்ந்த உத்தரம், இரண்டு தடவை தலையில் இடித்துக்கொண்டேன். குளிர்ந்த பாலை ஊற்றி ஒரு டீ கொடுத்தார். வெந்நீரின் தூரத்துச் சொந்தம். சீரகம் மாதிரி எதையோ போட்ட ஒரு கேக். நான் பார்சலை மேஜைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. மேலே எழுதியிருந்த கையெழுத்தை மட்டும் பார்த்தார்.

"நீ அவகிட்டருந்து வந்திருக்கே," என்றார்.

ஆமாம் என்றேன். அவரே பேசினார். மார்ஜரி போன மூன்றாம் வருஷம் அம்மா படுத்துவிட்டார். பதினோரு வருஷம் படுக்கை. ஐரீனுக்கு நிச்சயம் செய்திருந்த பையன் இரண்டு வருஷம் காத்திருந்துவிட்டு வேறு ஊரில் கல்யாணம் செய்துகொண்டான். அவனைக் குறை சொல்ல முடியாது என்றார். அம்மா கேட்கிறார், ஒருமுறை வந்துவிட்டுப் போ என்று மார்ஜரிக்கு எழுதினார். ஆன்ட்டி என்னிடம் சொல்லாத கடிதம் அது. பதிலுக்கு மூன்று குழந்தைகளின் போட்டோவும் டப்பாவில் அடைத்த பீச் பழமும் வந்தன, ஐரீன் பிரித்த கடைசிப் பார்சல் அதுதான்.

"கதவு தட்டற சத்தம் கேட்டா, 'மார்ஜரியா?'ன்னு கேப்பாங்க அம்மா. பால்காரர் வந்தாலும் அதேதான். பதினோரு வருஷம் கதவைத் திறந்தது நான். அவங்க கேட்டது அவளை."

நான் கேக்கை மென்றுகொண்டிருந்தேன். ஊரில் உன் பெற்றோரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். அப்பா மட்டும்தான் என்றேன். இரண்டு வருஷமாகப் பக்கவாதம். சாரதா அக்கா பார்த்துக்கொள்கிறாள். பள்ளிக்கூட டீச்சர், அப்பாவுக்காகவே கோபிக்கு மாற்றல் வாங்கி வந்தவள். நானும் சும்மா இல்லை என்று சொல்லத் தொடங்கினேன். யார் ஊருக்குப் போனாலும் பாதாம், வைட்டமின் மாத்திரை, மெத்தென்ற துண்டு, போன வருஷம் ஒரு சக்கர நாற்காலிகூட. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்கப் பிடிக்கவில்லை.

"கடைசியா எப்ப போனே?"

நாலு வருஷம் ஆயிற்று என்றேன். கிரீன் கார்டு வந்ததும் போகலாம் என்று இருக்கிறேன். கிரீன் கார்டு என்றால் என்ன என்று கேட்டார். அது வரும்வரை நாட்டைவிட்டு வெளியே போவது சிக்கல் என்று விளக்கினேன். பிறகு எப்படி இங்கே வந்தாய் என்றார். ஆபீஸ் அனுப்பியது என்றேன். ஐரீன் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார். அந்தப் பொய்யை நாலு வருஷமாக அக்காவிடம் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய் என்பது அந்த டீ விழுகிற சத்தத்தில்தான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

வந்த காரியத்தைக் கேட்டே ஆக வேண்டும். "வரட்டுமான்னு கேக்கச் சொன்னாங்க," என்றேன்.

ஐரீன் எழுந்து போய்த் தன் கோப்பையைக் கழுவினார். துடைத்தார். அலமாரியில் வைத்தார். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"போறப்ப என்னைக் கேக்கலை. வர்றதுக்கு மட்டும் எதுக்குக் கேக்கறா?"

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். எந்த மீட்டிங் முடிந்தாலும் முடிவு என்னவென்று எழுதிக்கொள்கிற புத்தி. நான் சொன்னதை அப்படியே போய்ச் சொல் என்றார். நான் கிளம்பியபோது பார்சல் மேஜைமேலேயே இருந்தது.

திங்கட்கிழமை காலை ராய் என்னைக் காரில் கொண்டுபோய் விட்டார். வேறு ஷூ வாங்கக் கடை திறந்திருக்கவில்லை. பச்சை பூட்ஸோடு கிளையண்ட் மீட்டிங்கில் உட்கார்ந்து, நூற்றாண்டு மாறும் இரவில் உங்கள் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகாது என்று உறுதி சொன்னேன். அவர்கள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சுமதி பூட்ஸைத்தான் முதலில் பார்த்தாள். "அந்த ஷூவை செலக்ட் பண்ணவே ரெண்டு மணி நேரம் மால்ல சுத்தினோம். போகட்டும், பீடை விட்டுதுன்னு நெனச்சுக்கோங்க," என்றாள். "அப்பா, யூ லாஸ்ட் தெம் இன் எ சர்ச்?" என்று கேட்ட நிவேதா அதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொன்னாள்.

கீழே ஆன்ட்டி காத்திருந்தார். விமானத்தில் வரும்போது ஐரீனின் பதிலுக்கு மூன்று விதமான பூச்சு தயார் செய்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அத்தனையும் போய்விட்டது. அமெரிக்க மேஜையைப் பற்றிச் சொன்னேன். கதவு தட்டும்போதெல்லாம் அம்மா மார்ஜரியா என்று கேட்டதையும் சொன்னேன். ஐரீன் சொன்ன வாக்கியத்தை ஒரு சொல் மாற்றாமல் சொன்னேன். ஆன்ட்டி அழுதார். வெகுநேரம் அழுதார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, கேட்டது என் தப்பு, இனிக் கேட்கப்போவதில்லை என்றார். அந்த வாரமே டிக்கெட் வாங்கினார். பார்சல் எதுவும் கட்டவில்லை. நான்தான் நெவார்க் விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன்.

போய்ச் சேர்ந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை, போன் செய்தார்.

"கதவைத் திறந்தா. உள்ளே வான்னு சொல்லலை. எத்தனை நாளைக்குன்னு கேட்டா. பையில ரெண்டு வார டிக்கெட் இருக்கு. ஆனா, நீ போகச் சொல்ற வரைக்கும்னு சொல்லிட்டேன். அதுக்கப்பறம்தான் பெட்டியைக் கையில வாங்கினா."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லாம் என் சாமர்த்தியம் என்றுகூடக் கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டேன். அந்த வேகத்திலேயே கோபிக்குப் போன் போட்டேன். அங்கே மாலை நேரம். அக்காதான் எடுத்தாள்.

"அக்கா, பொங்கலுக்கு வர்றேன். கிரீன் கார்டு வந்தாலும் வராட்டியும் வர்றேன்."

அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

"எத்தன நாளைக்குடா?" என்றாள்.

மார்ஜரி ஆன்ட்டி சொன்ன பதில் என் காதில் இன்னும் சூடாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருக்கிற லீவு அவ்வளவுதான், வேலை அப்படி. "பதினஞ்சு நாள்தான், அக்கா," என்றேன்.

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"செரி," என்றாள். பிறகு அப்பாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டு, என்னிடம் இதுவரை ஒன்றுமே கேட்டிராத அக்கா கேட்டாள்: "அப்ப அந்தப் பதினஞ்சு நாளும் நீ அப்பாவப் பாத்துக்கறயா? நா எங்கியாச்சும் போயிட்டு வரட்டுமா?"